ராத்திரி சாப்பிடாமல் இருந்தும் காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் கர்ப்பம், 28-வது வாரம் நடக்கிறது. 26-வது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 97, ஒரு மணி நேரத்தில் 174, இரண்டு மணி நேரத்தில் 149 வந்தது. கர்ப்பகால சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒல்லியான உடம்புக்காரி. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை கிடையாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) 5.1 தான். இனிப்பை அடியோடு விட்டுவிட்டேன். அப்படியும் காலையில் 98, 101 என்றே வருகிறது. பயந்துபோய் ஒரு வாரமாக மாலை 6 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லை. முந்தாநாள் 106 காட்டியது! நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள்தான் காரணம், இரவில் இன்சுலின் போட வேண்டியிருக்கும் என்கிறார் என் மருத்துவர். குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய நஞ்சுக்கொடியே ஏன் இப்படிச் செய்கிறது? நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? ஊசி குழந்தையைப் பாதிக்காதா? பிரசவத்துக்கு அப்புறம் இது போய்விடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, இன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம். 28 வாரக் கர்ப்பத்தில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வயிற்றைக் காயப்போடுவது உங்களுக்கும் நல்லதில்லை, குழந்தைக்கும் நல்லதில்லை. சர்க்கரையும் அதனால் இறங்காது. ஏன் இறங்காது என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. கர்ப்பகால சர்க்கரை என்று சொன்ன உடனே வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். இனிப்பு சாப்பிட்டாள், படுத்தே கிடந்தாள், ரொம்பக் கவலைப்பட்டாள் என்று. என் அறைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் உட்காருகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க மனம் கஷ்டமாக இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்தக் குனிந்த தலை தெரிகிறது. அதனால்தான் நஞ்சுக்கொடியைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பிரசவ அறையில் குழந்தை வந்து அழுததும் எல்லார் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். அடுத்த கால் மணி, அரை மணி நேரத்துக்குள் சத்தமில்லாமல் வெளியே வருவது நஞ்சு. அதை ஒரு தட்டில் ஏந்தி, வெளிச்சத்தில் வைத்து, முழுசாக வந்துவிட்டதா என்று புரட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. கிட்டத்தட்ட அரை கிலோ எடை, ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். குழந்தை இருந்த பக்கம் வழவழப்பாகப் பளபளக்கும். நடுவில் தொப்புள்கொடி, அதிலிருந்து மரக்கிளை மாதிரி நாலாபுறமும் ஓடும் ரத்தக் குழாய்கள். தாயின் கர்ப்பப்பையை ஒட்டியிருந்த மறுபக்கம் சொரசொரப்பாக, கட்டி கட்டியாக இருக்கும். நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், ஹார்மோன் சுரப்பி என்று நாலைந்து உறுப்புகள் செய்ய வேண்டிய வேலையை ஒன்பது மாதமும் ஒற்றை ஆளாகச் செய்துவிட்டு வந்திருக்கும் உறுப்பு அது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி குழந்தையுடையது. கருவின் வெளிப்புற செல்களிலிருந்துதான் அது முளைக்கிறது. உங்கள் உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு குழந்தையின் தேவைக்காகப் பேசும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உடம்போடு பேசும் மொழிதான் ஹார்மோன்.

அதில் முக்கியமான ஒன்றை 1962-ல் ஜோசிமோவிச், மக்லாரன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். நஞ்சுக்கொடி லாக்டோஜென் என்று பெயர். வளர்ச்சி ஹார்மோனையும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினையும் ஒத்தது. கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலேயே ரத்தத்தில் தென்பட ஆரம்பித்து, நஞ்சுக்கொடி பெருக்கப் பெருக்கத் தானும் பெருகி, 34 முதல் 36 வாரத்தில் உச்சத்தைத் தொடும். கடைசி வாரங்களில் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கும் மேல் சுரக்கிறது. ஒரு கிராம்தானே என்று தோன்றும். மனித உடம்பில் வேறெந்தப் புரத ஹார்மோனும் இந்த அளவில் சுரப்பதில்லை. மற்றவையெல்லாம் மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கு.

இது தனியாகவும் இல்லை. நஞ்சுக்கொடி தனக்கென்று ஒரு வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கிறது. சாதாரணமாக மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை இடைவெளி விட்டு, பெரும்பாலும் தூக்கத்தில், துடிப்பு துடிப்பாக வெளியிடும். கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு மேல் அந்தச் சுரப்பு அடங்கி, நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு இரவு பகல் கிடையாது, ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காமல் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். கூடவே புரோஜெஸ்டிரோன் இருக்கிறது. நஞ்சுக்கொடி அனுப்பும் சமிக்ஞையால் தாயின் உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் கூடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கின்றன.

எந்தத் திசை? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் தலைமடையில் இருக்கும் வயல்கள் முழுக்கக் குடித்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கடைமடைக்குப் போக வேண்டுமென்றால் மேலே இருக்கும் மடைகளைக் கொஞ்சம் இறக்கித்தான் வைக்க வேண்டும். உங்கள் தசையும் கொழுப்பும் தலைமடை வயல்கள். குழந்தை கடைமடை. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ்தான் தண்ணீர். உங்கள் தசைகள் இன்சுலின் சொன்னவுடன் அத்தனை குளுக்கோஸையும் இழுத்துக்கொள்ளாதபடி நஞ்சுக்கொடி மடையைப் பாதி இறக்கிவைக்கிறது.

உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடப்பதே மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது மாதிரிதான். அங்கே இருக்கும் கடத்தும் புரதங்கள் வழியாக, அளவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாக இறங்குகிறது. அதனால் தாயின் ரத்தத்தில் எப்போதும் குழந்தையின் ரத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை இருந்தாக வேண்டும். அந்த மேட்டைக் கட்டிக் காப்பதுதான் இந்த ஹார்மோன்களின் வேலை. அதே நேரம் உங்கள் உடம்பும் பட்டினி கிடக்கக் கூடாதே, அதற்கும் வழி வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி லாக்டோஜென் உங்கள் கொழுப்பைக் கரைத்து, நீ இதை எரித்துக்கொள், குளுக்கோஸைப் பிள்ளைக்கு விடு என்கிறது.

இது நோய் இல்லை. கர்ப்பமான எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படிவது பாதியாகக் குறைந்துவிடும், ஆரோக்கியமான பெண்ணுக்கும்கூட. அதை ஈடுகட்டக் கணையம் வழக்கத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு இன்சுலின் சுரக்கும். இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பெருகச் சொல்வதும் அதே நஞ்சுக்கொடி லாக்டோஜென்தான், புரோலாக்டினோடு சேர்ந்து. தானே மடையை இறக்கிவிட்டு, அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டிக்கொள் என்று கணையத்துக்கும் தானே சொல்லி அனுப்புகிறது. (இன்னொரு ஆச்சரியம்: மிக அரிதாக, இந்த லாக்டோஜெனுக்கான மரபணுவே இல்லாமல் வளரும் நஞ்சுக்கொடிகள் உண்டு. அப்படியிருந்தும் கர்ப்பம் சாதாரணமாக முடிந்து, நல்லபடியாகக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒன்று போனால் மற்றவை தாங்கிக்கொள்கின்றன போலும்.)

கணையம் அந்த இரண்டரை மடங்கை எட்ட முடிந்தால் பரிசோதனை சரியாக வரும். கொஞ்சம் பின்தங்கினால் கர்ப்பகால சர்க்கரை என்று பெயர் வரும். வித்தியாசம் அவ்வளவுதான். கணையத்தின் சேமிப்புத் திறன் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. உடல் பருமன் இருந்தால் சுமை கூடும், உண்மைதான். ஆனால் ஒல்லியானவர்களுக்குச் சேமிப்பே குறைவாக இருக்கலாம். சாதாரண நாட்களில் அது வெளியே தெரியாது. நஞ்சுக்கொடி வந்து முழுத் திறனையும் கேட்கும்போதுதான் தெரியவருகிறது. பெற்றோருக்குச் சர்க்கரை இல்லாததும் இனிமேல் வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

24 முதல் 28 வாரத்துக்குள் ஏன் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறோம் என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஹார்மோன்கள் செங்குத்தாக ஏறத் தொடங்கும் காலம் அது. முதல் மூன்று மாதத்தில் பார்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை கர்ப்பத்துக்கு முன்பைவிடக் குறைவாகக்கூட இருக்கும். மூன்று மாதச் சராசரி 5.1 வந்ததும் இதற்கு முரண் இல்லை. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரம் புதிதாகிக்கொண்டே இருக்கும். வயது குறைந்த சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்டியிருப்பதும் குறைவு. அதனால் அந்தச் சராசரி கர்ப்பிணிகளுக்குக் கொஞ்சம் தாழ்வாகவே காட்டும். கர்ப்பகால சர்க்கரை இல்லை என்று சொல்ல அதை நம்பக் கூடாது.

இப்போது உங்கள் ராத்திரிக்கு வருவோம். உங்கள் பரிசோதனையில் குளுக்கோஸ் குடித்த பிறகான இரண்டு எண்களும் (வரம்பு 180, 153) அடங்கியே இருக்கின்றன. வெறும் வயிற்று எண் மட்டும் 92 என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று தாண்டினாலே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். காலையில் இருக்கும் சர்க்கரை முந்தின நாள் சாப்பாட்டின் மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்துத்தான் இரவு உணவை நிறுத்தியிருக்கிறீர்கள். உண்மையில் அதிகாலை 3, 4 மணிக்கு உங்கள் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், கல்லீரல் கொடுத்தது. இரவு முழுக்க மூளைக்கும் குழந்தைக்கும் தேவையானதைக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து விட்டுக்கொண்டே இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது விடும் அளவே முன்பைவிட 30 சதவீதம் வரை கூடிவிடுகிறது. போதும், நிறுத்து என்று கல்லீரலுக்குச் சொல்ல வேண்டியது இன்சுலின். அந்தக் குரல்தான் ஹார்மோன்களின் இரைச்சலில் சரியாகக் கேட்பதில்லை. விடியும் நேரத்தில் கார்டிசோல் வேறு இயல்பாகவே உயரும்.

இந்த நேரத்தில் நீங்கள் பட்டினி கிடந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். கடைமடைக்குத் தண்ணீர் குறைந்துவிடுமோ என்று மேல் மடை இன்னும் இறங்கும். நீண்ட பட்டினியில் நஞ்சுக்கொடி லாக்டோஜென் கூடுகிறது. கொழுப்பு வேகமாகக் கரைகிறது. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் இன்சுலினின் வேலையை மேலும் கெடுக்கின்றன, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களும் சேருகின்றன. கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட மிகச் சீக்கிரமாகப் பட்டினி நிலைக்குப் போய்விடுவார்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொல்லியிருந்தால் உங்களுக்கே அது தெரிந்திருக்கும். உங்கள் பட்டினிக்குப் பிறகு எண் இறங்காமல் போனது இதனால்தான்.

அதே சமயம் 101-க்கும் 106-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம். வீட்டு மீட்டர்கள் பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். உங்கள் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸை அள்ளினால் ஐந்தாறு கிராம்தான் தேறும், ஒரு தேக்கரண்டி அளவு. வெறும் வயிற்றில் 95-க்கும் 105-க்கும் உள்ள வித்தியாசம் அரை கிராமைவிடச் சற்றே அதிகம். ஒரு நாள் எண்ணை விடுங்கள், ஒரு வாரத்தின் போக்கைப் பாருங்கள். இன்னொன்று, விரலைக் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒருமுறை ஒருவருக்கு 190 வந்து, பதறி அடித்துக்கொண்டு வந்தார். பழத்தோல் உரித்த கையோடு குத்தியிருக்கிறார். கை கழுவிவிட்டுக் குத்தினால் 112.

அரை கிராமுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், ஊசி வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த அரை கிராம் ஒரு வேளையோடு போவதில்லை. இரவு பகலாக, இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம் குழந்தையின் பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், உங்கள் இன்சுலின் தாண்டாது. அதனால் கூடுதலாக வரும் சர்க்கரைக்குக் குழந்தையே தன் கணையத்தில் இன்சுலின் சுரந்தாக வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இன்சுலின் என்பது வளர்ச்சி ஹார்மோன் மாதிரி. வயிற்றிலும் தோளிலும் கொழுப்பு சேர்ந்து பெரிதாகும், பிரசவத்தில் தோள் சிக்கும் அபாயம் கூடும். பிறந்து கொடியை வெட்டிய மறுகணம் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகும், ஆனால் குழந்தையின் கணையம் பழைய வேகத்திலேயே ஓடும். அதனால்தான் முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறதா என்று குதிகாலில் குத்திப் பார்க்கிறோம். இந்த முழுச் சங்கிலியையும் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950-களிலேயே எடுத்துச் சொல்லிவிட்டார்.

எந்த எண்ணிலிருந்து ஆபத்து தொடங்குகிறது என்று பார்க்க 9 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2008-ல் முடிவு வெளியானது. இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து என்று கோடு கிழிக்கும்படி ஓர் இடமே அதில் கிடைக்கவில்லை. சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் சுரப்பின் அடையாளமும் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. 92 என்ற எண் நிபுணர்கள் கூடிப் பேசி வைத்த வரம்பு. 91-ல் இருப்பவர் தப்பித்தார், 97-ல் இருப்பவர் மாட்டிக்கொண்டார் என்றெல்லாம் கிடையாது. நல்ல சேதியும் உண்டு. உங்களுடையது போன்ற லேசான அளவிலேயே கவனித்துச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாவதும் தோள் சிக்குவதும் குறைந்ததாக 2005-லும் 2009-லும் வந்த இரண்டு முக்கியமான ஆய்வுகள் காட்டின. சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது.

ஊசிப் பயத்துக்கு விடை மேலேயே வந்துவிட்டது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டி ஓர் ஆபத்தாகக் குழந்தையிடம் போவதில்லை. மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தாண்டும். அதைப் பல இடங்களில் கொடுக்கிறார்கள், அதற்கும் இடம் உண்டு. ஆனால் வெறும் வயிற்று எண் மட்டும் தொல்லை கொடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, படுக்கப் போகும்போது போடும் இன்சுலின் மிகப் பொருத்தமானது. கல்லீரலிடம் உங்கள் இன்சுலின் சொன்னது கேட்கவில்லை, கூட ஒரு ஆளை அனுப்புகிறோம், அவ்வளவுதான். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தி ஒன்று, இரண்டு வாரம் ஆகியும் காலை எண் 95-க்குள் வரவில்லையென்றால், தள்ளிப்போடாமல் உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஊசி தொடங்கினால் ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவு ஏறும். இந்த வாரம் போதுமாக இருந்தது அடுத்த வாரம் போதாது. 36-வது வாரம் வரைக்கும் இப்படித்தான் போகும், ஏனென்றால் நஞ்சுக்கொடி வளர்ந்துகொண்டே இருக்கிறது. யூனிட் கூடும்போதெல்லாம் நான் இன்னும் கெட்டுப்போகிறேனே என்று அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா, நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். கவலைப்பட வேண்டியது இதற்கு நேர் எதிரானதற்கு. 30 வாரத்துக்கு மேல், காரணமே தெரியாமல் இன்சுலின் தேவை சட்டென்று இறங்கினால், வழக்கமான அளவுக்கே சர்க்கரை தாழ்ந்து தாழ்ந்து போனால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசி வாரங்களில் கொஞ்சம் குறைவது சகஜம்தான். ஆனால் வேகமாகக் குறைந்தால் நஞ்சுக்கொடி தளர்ந்துவிட்டதா என்று ஸ்கேனும் குழந்தையின் இதயத் துடிப்பும் பார்த்தாக வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், சர்க்கரை எப்படி இருந்தாலும் சரி, அன்றே போய்விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் உணவு ஆலோசகர் விவரமாகச் சொல்வார், நான் இரண்டு மூன்று மட்டும் சொல்கிறேன். மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டாதீர்கள். கர்ப்பத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை. அதை மூன்று வேளை உணவிலும் இரண்டு மூன்று சிறு தீனியிலுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில்தான் இன்சுலினுக்கு எதிர்ப்பு மிக அதிகம், அதனால் காலை உணவில் மட்டும் மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் புரதத்தைக் கூட்டலாம். இரவுச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, படுக்கும் முன் புரதமும் சிறிது மாவுச்சத்தும் சேர்ந்த ஏதாவது ஒன்றை அளவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே காலை எண் சற்று இறங்கும். எல்லாருக்கும் இறங்கும் என்று சொல்ல மாட்டேன். மீட்டர்தான் உங்களுக்கு விடை சொல்ல வேண்டும். மறுநாள் காலைப் பரிசோதனையைக் கடைசியாகச் சாப்பிட்டு எட்டு முதல் பத்து மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள், எழுந்து வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகக் குத்திப் பார்ப்பது வேண்டாம்.

நடை நான் மிகவும் நம்பும் மருந்து. தசை வேலை செய்யும்போது இன்சுலினைக் கேட்காமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்வாசலை நஞ்சுக்கொடி பாதி சாத்தி வைத்திருக்கிறது, நடந்தால் பின்வாசல் திறக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். ரத்தக் கசிவோ, நடக்கக் கூடாது என்று சொல்லும்படி வேறு பிரச்சினையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு நடங்கள். தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு மூன்று மணிக்குக் கண் விழித்து மீட்டரை எடுக்கும் பழக்கம் வந்திருந்தால், மருத்துவர் சொல்லாதவரை அதை விட்டுவிடுங்கள்.

குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்ற நிலை வந்து, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை நன்றாகவே எகிறும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள்.

பிரசவத்துக்கு அப்புறம் என்ன ஆகும்? நஞ்சு வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்களின் ஊற்றே போய்விடுகிறது. நஞ்சுக்கொடி லாக்டோஜென் ரத்தத்தில் பாதியாகக் குறைய அரை மணி நேரம்கூட ஆகாது. என்னிடம் பார்த்த ஒருவர் கடைசி மாதத்தில் நாளொன்றுக்கு 40 யூனிட்டுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார். பிரசவமான மறுநாள் காலையில் ஊசி இல்லாமலே 84 வந்தது. மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போச்சா டாக்டர்?" என்று கேட்டார். இன்னொரு விரலில் குத்தினோம், 86. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் இருக்கும், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் இத்தோடு கதை முடிந்தது என்று பரிசோதனைத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பம் உங்கள் கணையத்தை ஒருமுறை முழுப் பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டது. கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம். பத்து, இருபது வருடம் முன்கூட்டியே இது தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய அனுகூலம் என்று நினைத்துப் பாருங்கள். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்ய வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தூக்கமில்லாத இரவுகள், பால் கொடுக்கும் வேலை, இதில் தன் உடம்பை யார் நினைப்பது? குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளாகப் பார்த்து இப்போதே நாட்காட்டியில் குறித்து, வீட்டில் ஒருவரிடம் அதை ஞாபகப்படுத்தும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். அது சரியாக வந்தாலும் அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டுமல்ல, உங்கள் சர்க்கரைக்கும் நல்லது.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திரும்பவும் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால் அடுத்த முறை 24 வாரம் வரை காத்திருக்காமல், கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் சந்திப்பிலேயே இந்த 97, 174, 149 தாளை எடுத்துக் காட்டுங்கள்.